பாலம் தாண்டிய மணநடை

விராக்குக்கு ரயில்வே கேட்டில் வேலை. கணவாயிலிருந்து இறங்கி வரும் தண்டவாளம் எங்கள் மேலோடைச் சாலையைக் குறுக்கே வெட்டும் இடத்தில் மஞ்சள் பூசிய ஒற்றை அறை. உள்ளே ஒரு அடுப்பு, ஒரு தொலைபேசி, ஆணியில் தொங்கும் சிவப்புக் கொடி. சரக்கு வண்டிக்கும் பயணிகள் வண்டிக்கும் நடுவே நேரம் கிடைத்தால் வாசலில் நின்று குழல் ஊதுவாள். மரம் ஏற்றி வரும் குதிரை வண்டிக்காரர்கள் கேட்டுக்கு முன்னால் காத்திருந்து பழகியவர்கள்.

"ரயில் போயி எவ்வளவு நேரமாச்சு விராக், கேட்டைத் தூக்கேன்" என்று யாராவது கத்தினால், "இரு, இந்தச் சுத்து முடியட்டும். உன் மரம் என்ன அழுகியா போயிடும்?" என்பாள்.

பெண்கள் குழல் ஊதுவது எங்களிடம் வழக்கமில்லை. விராக்கின் அப்பாவுக்கு ஆடுகள் நிறைய, பிறந்தது எல்லாம் பெண்கள். மேய்ச்சலுக்குப் போக ஆள் வேண்டும், ஆகவே கோடை முழுவதும் மூத்தவள் விராக் மலைமேல் இருந்தாள். நடுவில் மெத்தென்ற தக்கை உள்ள கிளையை வெட்டி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் தக்கையைக் குடைந்து தள்ளி, தன் முழங்கையிலிருந்து மடக்கிய விரல்முட்டி வரை அளந்து நறுக்கி, ஆறு துளை போட்டாள். முதல் மூன்று குழல்களைத் தானே உடைத்து அடுப்பில் போட்டாள். நாலாவது பேசியது.

எங்கள் பக்கத்தில் ஊதும்போதே தொண்டைக்குள் முனகவும் வேண்டும். குழலின் சத்தமும் முனகலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு போகும். முனகாமல் ஊதினால், "உப்புப் போடாம களி கிண்டிட்டான்" என்பார்கள். விராக்கின் முனகல் ஆண்களின் முனகலைவிட ஒரு படி மேலே நிற்கும். அது முதலில் கேலிக்கு ஆளானது. மீசை முளைக்கும் என்றார்கள், மாப்பிள்ளை கிடைக்காது என்றார்கள். மாப்பிள்ளை கிடைத்தான்.

அவன் பெயர் ஆரோன், தச்சன். கல்யாணங்களுக்குப் பிடில் வாசிக்கிற குடும்பம். எங்களிடம் புருஷன் பிடில் வாசிப்பான், பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கார்டோனை அடிப்பாள். கார்டோன் என்பது பெரிய பிடில் மாதிரி ஒரு மரப்பெட்டி. வில் கிடையாது, நரம்புகளின்மேல் குச்சியால் அடிக்க வேண்டும், அதுதான் தாளம். கல்யாணமான புதிதில் ஆரோன் பெண்டாட்டியின் மடியில் கார்டோனைச் சாய்த்து வைத்தான். ஒரு வாரத்துக்குள் இரண்டு பேருக்கும் ஒரு விஷயம் புரிந்துபோயிற்று. விராக்குக்குக் குச்சி பிடிபடவில்லை. ஆரோனின் பிடிலோ, அவன் அண்ணன்மார் அவனை எப்போதும் கடைசி வரிசையில் உட்காரவைத்த பிடில்.

"குச்சியை இங்க குடு" என்றான் ஆரோன். "நீ உன் குழலை எடு. கதவைச் சாத்திட்டு."

சாத்திய கதவுக்குள் என்ன நடக்கிறது என்று ஊருக்கே கேட்டது. ஆரோனின் தாளம் குதிரைக் குளம்பு மாதிரி விழும். அவனுக்குள் இருந்த இசைக்காரன் குச்சி பிடிக்கும் கையில்தான் இருந்திருக்கிறான், யாரும் பார்க்கவில்லை. புல்லறுப்பு நாட்களில் ஊதவும் அடிக்கவும் இரண்டு பேரையும் கூப்பிட ஆரம்பித்தார்கள். "பொண்டாட்டி ஊதுறா, புருஷன் அடிக்கிறான், வீட்டுல பாத்திரம் கழுவுறது யாரு?" என்று கேட்பார்கள். "குதிரை" என்பான் ஆரோன்.

ஆனால் புல்லறுப்பு வேறு, கல்யாணம் வேறு. மணப்பெண் தாய்வீட்டு வாசலைத் தாண்டும்போது குழல்காரன் முன்னால் நடந்து ஊதும் மெட்டுக்கு மணநடை என்று பெயர். அதை ஆண்தான் ஊத வேண்டும். அதுவும் மணப்பெண் நிற்காத நேரத்தில் அதை ஊதவே கூடாது. ஊதினால் எங்கேயோ ஒரு பெண்ணின் கல்யாணம் முறியும் என்று நம்பிக்கை. ஆகவே கேட் அறையில் எந்த மெட்டு கேட்டாலும் மணநடை மட்டும் கேட்டதில்லை. அவள் அதை விரல்களில் மட்டும் பழகினாள், வாயில் வைக்காமல். தண்டவாளத்தைப் பார்த்தபடி நிற்கும் அவளுடைய விரல்கள் குழலின் துளைகள்மேல் சத்தமில்லாமல் ஓடுவதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அவளுக்கு ஒரே ஆசை இருந்தது. மகள் கிங்காவின் கல்யாணத்தில் அந்த மெட்டைத் தான் ஊத வேண்டும்.

கிங்கா தேடிக்கொண்ட மாப்பிள்ளை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ருமேனியப் பையன், இலியே. ஆறு ஒன்றுதான். எங்கள் மொழியில் தத்ரோஷ் என்போம், அவர்கள் மொழியில் த்ரோதூஷ் என்பார்கள். நடுவே ஒரு பாலம். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொண்டு கொடுத்து நெடுங்காலமாயிற்று. எண்ணுவது ஒரு மொழியில், திட்டுவது இன்னொரு மொழியில் என்று எல்லார் வாயிலும் இரண்டும் கலந்துதான் வரும். ஆனால் மணநடை விஷயத்தில் மட்டும் கலப்பில்லை. அவர்களுடையது வேறு, எங்களுடையது வேறு. எங்களுடையது உச்சியிலிருந்து தண்ணீர் மாதிரி இறங்கித் தொடங்கும். அவர்களுடையது கீழிருந்து படிப்படியாய் ஏறித் தொடங்கும். "பொண்ணை அனுப்பச் சொன்னா பொணம் தூக்குற மாதிரி ஊதுறாங்க" என்று அவர்கள் எங்களைச் சொல்வார்கள். "பொண்ணை அழைக்கச் சொன்னா நாயை விரட்டுற மாதிரி ஊதுறாங்க" என்று நாங்கள் அவர்களைச் சொல்வோம். தொடக்கம்தான் எல்லாருக்கும் காதில் நிற்கும். கொஞ்ச தூரம் போவதற்குள் இரு கரையிலும் கூட்டம் கூவிப் பாட்டுக் கட்ட ஆரம்பித்துவிடும், அதற்குப் பிறகு குழல் யார் காதில் விழுகிறது?

நிச்சயத்துக்கு மாப்பிள்ளையின் அப்பா காவ்ரில் வந்தார். குட்டை மனிதர், பெரிய தொப்பி. அவர்கள் ஊரின் குழல்காரரே அவர்தான். சோளக்களியும் ஆட்டுப் பாற்கட்டியும் வைத்து, ப்ளம் சாராயம் ஊற்றி, நல்லபடியாகப் பேச்சு நடந்தது. பெண்ணுக்கு என்ன, மாப்பிள்ளைக்கு என்ன என்பதெல்லாம் சுலபமாய் முடிந்துவிட்டது. கடைசியில் விராக் சொன்னாள்:

"என் பொண்ணை வாசலைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, உங்க முற்றம் வரைக்கும் நான்தான் ஊதிக் கூட்டிட்டு வருவேன்."

காவ்ரில் கோப்பையைக் கீழே வைத்தார். "சம்பந்தியம்மா, எங்க ஊர்ல மாப்பிள்ளை வீட்டுக் குழல்தான் பொண்ணு வீட்டு வாசலுக்கு வந்து கூட்டிட்டுப் போகும். அது எங்க அப்பன் பாட்டன் காலத்து வழக்கம். என் பையன் கல்யாணத்துல நான் குழலைப் பொட்டியில வெச்சிட்டு நடக்கவா?"

"பொட்டியில வைங்க, இல்ல இடுப்புல செருகுங்க. எனக்கென்ன?"

எங்கள் பக்கத்தின் கல்யாணக் குழல்காரர் லாயோஷ் அண்ணன் மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் பிடிக்கவில்லை. "விராக், உன் வாசல் வரைக்கும் நீ ஊது, யாரும் ஒண்ணும் சொல்லல. சாலையில ஏறிட்டா ஊர் மானம். பொம்பளை பின்னால எங்களை நடக்கச் சொல்றியா?"

"ரயில் வந்தா என் கொடிக்குப் பின்னாலதானே அண்ணே நிக்கிறீங்க? அப்ப மானம் எங்க போச்சு?"

லாயோஷ் அண்ணன் களியைக் கிளறினார். காவ்ரில்தான் முதலில் சிரித்தார். சிரித்துவிட்டு அவரே ஒரு வழி சொன்னார். வாசலிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து ஊதிக்கொண்டு நடக்கட்டும், அவரவர் மணநடையை. யார் முதலில் நிறுத்துகிறாரோ அவர் தோற்றவர்; குழலை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் நடக்க வேண்டியது. மற்றவர் பாலத்தைத் தாண்டிக் கூட்டிப் போகலாம்.

"என் மூச்சு பெருசு சம்பந்தியம்மா" என்றார்.

"ஆள்தான் சின்னது" என்றாள் விராக்.

கிங்கா மட்டும் தனியாக வந்து அம்மாவிடம் கேட்டாள்: "ரெண்டு மெட்டு ஒண்ணா வந்தா என் காலு எதைக் கேக்கும்மா?"

"என்னுதைக் கேக்கும். என் வயித்துல இருந்தப்பவே கேட்ட காலு" என்றாள் விராக். ஆனால் அன்றிலிருந்து அவள் விரல்கள் கேட் அறையில் சும்மா இருக்கவில்லை.

கல்யாண நாள் காலையில் மழை விட்டிருந்தது. வாசலில் இரண்டு ஊர்க்காரர்களும் இரண்டு பக்கமாய்ப் பிரிந்து நின்றார்கள். விராக் வெள்ளைக் கம்பளி மேலங்கி போட்டு, தலைக்குட்டையை இறுக்கிக் கட்டியிருந்தாள். ஆரோன் கார்டோனைத் தோல்வாரில் கழுத்திலிருந்து தொங்கவிட்டிருந்தான். நடந்துகொண்டே அடிப்பதற்கு அவனே செய்துகொண்ட வார் அது. காவ்ரில் விராக்கின் தோளுக்குத்தான் வந்தார். ஆனால் குட்டை மனிதருக்கு நீண்ட கை, குழலும் கை அளவு. அவர் குழலும் அவள் குழலும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தபோது மயிரிழைதான் வித்தியாசம்.

கிங்கா வாசற்படியில் வந்து நின்றாள். ஆரோன் அடித்தான். இரண்டு பேரும் ஊதினார்கள்.

அது எப்படி இருந்தது என்று அன்று நின்றவர்களைக் கேட்டால் இப்போதும் காதைப் பொத்திக் காட்டுவார்கள். ஒன்று இறங்க, ஒன்று ஏற, நடுவில் மோதிக்கொண்டன. முனகல்களும் மோதின. விராக்கின் தொண்டை அடியில் நிற்கும்போது காவ்ரிலின் தொண்டை மேலே போயிற்று. பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது. எங்கள் ஆட்கள் இடது காலை வைத்தார்கள், அவர்கள் வலது காலை வைத்தார்கள். தோழிப் பெண்களின் தோள்கள் இடித்துக்கொண்டன.

"சந்தையில ரெண்டு பன்னி ஒரே கோணியில மாட்டுன மாதிரி இருக்கு" என்றார் லாயோஷ் அண்ணன், எல்லாருக்கும் கேட்க.

அவர்கள் நிறுத்தவில்லை. சாலை வந்தது. தண்டவாளத்தைத் தாண்டினார்கள். ஆற்றின் சத்தம் கேட்கத் தொடங்கிய இடத்தில் கிங்கா நின்றுவிட்டாள்.

வழியில் மணப்பெண் நிற்கக் கூடாது. ஒரு காலாவது நகர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்பது இரு கரைக்கும் பொதுவான பயம். மாப்பிள்ளையின் அம்மா பரஸ்கீவா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு அலறினாள்: "நின்னுட்டாளே! ஐயோ, பொண்ணு நின்னுட்டாளே!"

"எந்தக் காலை வைக்கிறதுன்னே தெரியல" என்றாள் கிங்கா. அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. "நீங்க ரெண்டு பேருமே ஊதிக்கிட்டுப் போங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

விராக் மகளின் முகத்தைப் பார்த்தாள். குழலை வாயிலிருந்து எடுத்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெருமூச்சு. அந்தப் பக்கத்தில் யாரோ தொப்பியைத் தூக்கினார்கள். பேசியபடி பார்த்தால் முடிந்துவிட்டது. அவள் இடுப்பில் செருக வேண்டியதுதான் பாக்கி. காவ்ரில் கண்ணை மூடிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தார், அவர் எதையும் பார்க்கவில்லை. ஆரோனும் நிறுத்தவில்லை. கிங்கா மெல்லக் கால் எடுத்து வைத்தாள். ஊர்வலம் நகர்ந்தது. விராக்கும் மகள் பக்கத்தில் நடந்தாள், குழலை மார்புக்கு நேரே பிடித்தபடி.

அப்போதுதான் அவள் தன் கையைக் கவனித்தாள். விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. கேட் அறையில் எத்தனையோ வருஷம் சத்தமில்லாமல் ஓடிய அதே விரல்கள், அதே வரிசை. அவள் ஊதவில்லை. ஆனால் விரல் மூடிய இடத்தில் காவ்ரிலின் மெட்டு மூடியது, விரல் திறந்த இடத்தில் திறந்தது.

அவள் நடந்துகொண்டே குனிந்து தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு அவர் விரல்களைப் பார்த்தாள். காவ்ரிலின் ஏற்றம் உச்சிக்கு வந்தது. அங்கிருந்து மெட்டு இறங்கத் தொடங்கியது, தண்ணீர் மாதிரி. அவர் தொண்டை முனகல் அடிக்குப் போயிற்று, அந்த இடத்தில் விராக்கின் முனகல் எப்படி இறங்குமோ அப்படி. கூட்டம் கூவாமல் திகைத்து நடந்த நாள் அது ஒன்றுதான். அதனால்தான் அந்தப் பாதி அவள் காதில் முழுசாய் விழுந்தது.

"ஆரோன்!" என்றாள். "இது நம்முது!"

"தெரியும்" என்றான் ஆரோன், அடித்துக்கொண்டே. "என் குச்சி அப்பவே சொல்லிச்சு. நீ கேக்கலயே."

அவள் குழலை வாயில் வைத்தாள். அவசரப்படவில்லை. காவ்ரில் ஏறி முடிக்கட்டும் என்று ஒரு சுற்று விட்டாள், மூச்சை நிரப்பிக்கொண்டாள், அவர் உச்சியில் திரும்பிய அந்தப் புள்ளியில் தன் தொடக்கத்தை வைத்தாள்.

அவர்கள் பின்பாதியும் எங்கள் முன்பாதியும் ஒன்று. எங்கள் பின்பாதியும் அவர்கள் முன்பாதியும் ஒன்று. இத்தனை காலமும் ஒரே வட்டத்துக்குள் அவர்கள் ஒரு வாசலால் நுழைந்தார்கள், நாங்கள் எதிர்வாசலால் நுழைந்தோம்.

இரண்டு குழலும் ஒன்றாய் இறங்கின. குழல்களுக்கு நடுவே இருந்த மயிரிழை வித்தியாசத்தால் சத்தம் தேனீக்கூடு மாதிரி நடுங்கியது. ஆணின் முனகலும் அதற்கு ஒரு படி மேலே பெண்ணின் முனகலும் குழல் சத்தத்துக்கு அடியில் இரட்டைக் கயிறாய் முறுக்கிக்கொண்டன. காவ்ரில் கண்ணைத் திறந்தார். நல்ல குழல்காரர், நிறுத்தவில்லை. ஆனால் புருவம் தொப்பிக்குள் போய்விட்டது. முதலில் நடையைப் பிடித்தவள் கிங்கா. இடது காலா வலது காலா என்ற கேள்வியே இல்லாமல் அவள் நடந்தாள், பின்னால் இரண்டு ஊரும் ஒரே அடி வைத்து நடந்தன. பாலத்தின் பலகைகள் அந்த நடையில் அதிர்ந்தன. பாலத்தின் நடுவில் இரு பக்கத்துக்காரர்களும் கூவினார்கள், இரண்டு மொழியில், ஒரே இடத்தில்.

பாலம் முடிந்தது. நடுவே விராக் ஒருமுறை நிறுத்தியது யாருக்கும் நினைவில் இல்லை. யார் நிறுத்துவது? காவ்ரிலுக்கு மெட்டு முடிகிற இடம் இறக்கத்தின் அடி. அங்கே வந்து நிறுத்தலாம் என்று பார்த்தால், விராக் கன்னத்தை உப்பிக்கொண்டு ஏற்றத்துக்குள் போய்விட்டாள். முதலில் நிறுத்துகிறவர் தோற்றவர் என்று சொன்னது அவர் வாய்தானே? அவரும் ஏறினார். விராக்குக்கு மெட்டு முடிகிற இடம் ஏற்றத்தின் உச்சி. அங்கே வந்தால் காவ்ரில் இறங்கிக்கொண்டிருந்தார். அவளும் இறங்கினாள். இப்படியே மாதாகோயில் திருப்பம் போயிற்று, மாவு மில் போயிற்று, காவ்ரிலின் வேலிக்கதவு வந்தது, முற்றம் வந்தது. முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள், மறுபடியும் சுற்றினார்கள். இரண்டு பேர் முகமும் பீட்ரூட்டாய்ச் சிவந்திருந்தது. உள்ளே விருந்துக்குச் செய்த, கறி பொதிந்த முட்டைக்கோஸ் இலைச் சுருள் ஆறிக்கொண்டிருந்தது.

"யாராவது நிறுத்துங்களேன், செத்துப்போயிடப் போறாங்க!" என்றாள் பரஸ்கீவா.

ஆரோன் குச்சியை ஓங்கி நரம்புகளின்மேல் ஒரு போடு போட்டு, அப்படியே கையை அமுக்கி நிறுத்தினான். தாளம் போனதும் இரண்டு வாயும் ஒரே நேரத்தில் குழலை விட்டன.

"போதும்" என்றான். "நான் நிறுத்துனேன். தோத்தது நான். எனக்குப் பசிக்குது."

முற்றம் முழுக்கச் சிரிப்பு. காவ்ரில் மூச்சு வாங்கிக்கொண்டே விராக்கை மேலும் கீழும் பார்த்தார். "சம்பந்தியம்மா, இவ்வளவு நாளா நீங்க வாலுல இருந்து ஆரம்பிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க."

"தலையில இருந்து ஆரம்பிச்சது நாங்க. வாலைப் பிடிச்சுத் தொங்குனது நீங்க."

"பொறந்தவன் ஏறிட்டுதானேம்மா இறங்கணும்?"

"மலை மேல பொறந்தவங்க இறங்கித்தான் ஏறுவோம்."

லாயோஷ் அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "அந்த உச்சியில திரும்புற எடம்..." என்றார். "நான் அதுல ஒரு விரலைத் தப்பா வெச்சுக்கிட்டு இருந்தேன்போல. இன்னொரு தடவை ஊதிக் காட்டு."

"பொண்ணு இல்லாம ஊதக் கூடாதுண்ணே."

"பொண்ணுதான் இருக்காளே இங்க!"

கிங்கா சிரித்துக்கொண்டே முன்னால் வந்து நின்றாள். விராக் ஊதினாள், இந்தத் தடவை தனியாக, மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் நடந்தபடி. லாயோஷ் அண்ணன் அவளுக்குப் பின்னாலேயே போய் விரலைப் பார்த்தார். ஒரு பொம்பளை பின்னால் நடக்கிறோம் என்பதை அவர் கவனிக்கவில்லை. மற்றவர்கள் கவனித்தார்கள்.

அடுத்த மாதமே அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் குதிரை வண்டி பூட்டிக்கொண்டு கேட் அறைக்கு வந்தது. இரண்டு பக்கமும் ருமேனியர்களே. பெண்ணும் அவர்கள் பெண், மாப்பிள்ளையும் அவர்கள் மாப்பிள்ளை. காவ்ரில் இருக்கும்போது என்னை ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள் விராக். "பொண்ணு உங்களைத்தான் கேக்குறா. ஒரு பொம்பளை முன்னால போனா எனக்கு அழுகை வராதுங்கிறா" என்றார்கள். கேட்டுக்கு மாற்று ஆள் போட்டுவிட்டுப் போனாள்.

எங்கள் ஊரில் பாதிப்பேர் அழைப்பில்லாமலே ஆற்றங்கரைக்குப் போய்விட்டோம், எந்தப் பாதியிலிருந்து தொடங்குவாள் என்று பந்தயம் கட்டிக்கொண்டு. அந்தக் கரையில் அந்த வீட்டின் கதவு திறந்தது. பெண் வாசற்படிக்கு வந்தாள். காவ்ரில் கூட்டத்தோடு கூட்டமாய்க் கைகட்டி நின்றார். விராக் குழலை எடுத்து, கீழிருந்து படிப்படியாய் ஏறினாள், அவர்கள் வழக்கப்படி.

"போச்சு, விட்டுக் குடுத்துட்டா" என்றான் என் பக்கத்தில் நின்றவன்.

"இருடா" என்றார் லாயோஷ் அண்ணன். "உச்சி வரட்டும்."

உச்சி வந்தது. மெட்டு திரும்பியது, தண்ணீர் மாதிரி இறங்கியது. அந்தக் கரையில் அவர்கள் பாதி வழியில் நடந்துகொண்டிருந்தார்கள். இந்தக் கரையில் எங்கள் மணநடை அப்போதுதான் தொடங்கியது. நாங்கள் கூவினோம்.